கயிற்றோடு போன கருமணல்

1909-ஆம் ஆண்டு. திருவிதாங்கூர் கரையிலிருந்து கப்பலேறிய தென்னங்கயிறு ஜெர்மனியில் இறங்கியது. கதம்பையைக் காயலில் ஊறப்போட்டு, அடித்து நாராக்கி, மணற்பரப்பில் உலர்த்தித் திரித்த கயிறு அது. புரிகளுக்கு இடையே கடற்கரை மணலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. கயிறு வாங்கியவர்களுக்கு அது உதறித் தள்ள வேண்டிய அழுக்கு. ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் அந்த அழுக்கை ஆராய்ந்தார். அதில் மோனசைட் என்ற கனிமம் இருந்தது. மணல் எந்தக் கரையைச் சேர்ந்தது என்று தேடிக்கொண்டு அவர் வந்து நின்ற இடம் மணவாளக்குறிச்சி. இரண்டொரு ஆண்டுகளில் அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. இன்று அந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

ஒரு வேதியியலாளர் கயிற்று மணலைத் துரத்திக்கொண்டு கடல் கடந்து வரக் காரணம், விளக்கு. அப்போது ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் எரிந்தவை எரிவாயு விளக்குகள். ஆஸ்திரியரான கார்ல் ஆவர் ஃபோன் வெல்ஸ்பாக் 1891-இல் உருவாக்கிய மேண்டில் வலைதான் அவற்றின் உயிர். நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவோமே, அதே வலை. அதில் நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் மோனசைட்டில் கிடைத்தது. மோனசைட்டுக்கு உலகம் அன்று பெரிதும் நம்பியிருந்தது பிரேசில் நாட்டுக் கரையை. ஒரே கரையை நம்பியிருப்பது ஆபத்து என்பதால், மணவாளக்குறிச்சி மணலுக்கு அத்தனை மதிப்பு வந்தது.

ஆற்றலுக்காக ஒரு கனிமத்தைத் தேடி நாடுகள் அலைவது, ஒரே இடத்தை நம்பித் தவிப்பது, மாற்று இடம் கண்டதும் ஓடி வருவது ஆகிய மூன்றையும் அந்தக் கதையில் பார்க்கலாம். மின்விளக்கு வந்து மேண்டில் மங்கியது. மணல் மட்டும் அப்படியே கிடந்தது. நூறாண்டு கழித்து உலகம் மறுபடியும் அதைத் தேடி வந்திருக்கிறது. இம்முறை அதற்கு வேண்டியது தோரியம் அன்று. அதே மணிகளுக்குள் தோரியத்தோடு சேர்ந்திருக்கும் நியோடிமியம். அதை 1885-இல் முதன்முதலாகப் பிரித்துப் பெயரிட்டவரும் அதே ஆவர்தான். மேண்டிலுக்குத் தோரியம் தேடிய மனிதரின் கையில் நியோடிமியமும் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

அரிது என்ற பெயர்

நியோடிமியம் 17 தனிமங்கள் கொண்ட ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 15, அவற்றோடு ஸ்காண்டியமும் இட்ரியமும். அருமண் தனிமங்கள் என்கிறோம். 1787-இல் சுவீடன் நாட்டு இட்டர்பி கிராமத்துக் கல் குவாரியில் கிடைத்த ஒரு கனமான கருங்கல்லிலிருந்து இந்தக் குடும்பத்தின் வரலாறு தொடங்குகிறது. இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என்று நான்கு தனிமங்கள் அந்தச் சிற்றூரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

பெயரில் ‘அரு’ இருந்தாலும் இவை அப்படியொன்றும் அரியவை அல்ல. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. நியோடிமியம் ஈயத்தைவிட அதிகம். குடும்பத்திலேயே மிகக் குறைவானவற்றில் ஒன்றான தூலியம்கூட வெள்ளியைவிடக் கூடுதலாகவே உண்டு. ஆனால் தங்கம் போல ஒரு நரம்பில் திரண்டு கிடக்காமல் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. கிடைக்கும் இடத்திலும் ஒன்றோடொன்று கைகோத்தபடியே கிடைக்கின்றன.

ஏன் பிரிவதில்லை? அணுவை ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். வேதிவினை என்பது வாசலில் நடக்கும் கொடுக்கல் வாங்கல். வெளிவட்டத்தில் இருக்கும் எலெக்ட்ரான்களே வாசலில் நிற்பவை. மற்ற தனிமங்களில் ஒரு படி தாண்டினால் வாசலில் நிற்பவர் மாறிவிடுவார், பேச்சும் மாறிவிடும். லாந்தனம் குடும்பத்திலோ, ஒவ்வொரு படியிலும் புதிதாக வரும் எலெக்ட்ரான் வாசலில் நிற்பதில்லை. நேரே உள்ளறைக்குப் போய்விடுகிறது. வாசலில் எல்லா வீட்டிலும் ஒரே முகம். அதனால் அமிலமோ காரமோ எதைக் கொண்டுவந்தாலும் 15 பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கிறார்கள். ஒரு சின்ன வேற்றுமை மட்டும் உண்டு. அணுக்கரு கனக்கக் கனக்க வீடு இம்மியளவு சுருங்குகிறது. அந்த இம்மியைப் பிடித்துக்கொண்டுதான் வேதியியலார் இவற்றைப் பிரித்தாக வேண்டும்.

இரும்பின் வலிமை, நியோடிமியத்தின் பிடிவாதம்

பிரிக்க விடாமல் தொல்லை தரும் அந்த உள்ளறைதான் இவற்றின் பெருமைக்கும் காரணம்.

நல்ல நிலைக்காந்தத்துக்கு இரண்டு குணம் வேண்டும்: காந்த வலிமை, அந்த வலிமையை ஒரே திசையில் விடாது வைத்திருக்கும் பிடிவாதம். இரும்புக்கு வலிமை நிறைய, பிடிவாதம் குறைவு. நியோடிமியத்தின் உள்ளறை எலெக்ட்ரான்கள் உருண்டையாகப் பரவாமல் ஒரு திசையில் சப்பையாகப் படர்ந்திருப்பதால், படிகத்துக்குள் அவை தமக்கென்று ஒரு திசையைப் பிடித்துக்கொள்கின்றன. தம்மோடு சேர்ந்த இரும்பையும் அதே திசையில் கட்டிப்போடுகின்றன.

ஜப்பானிய விஞ்ஞானி மசாடோ சகாவாவுக்கு 1978-இல் ஒரு கருத்தரங்கில் ஓர் எண்ணம் உதித்தது. இரும்பணுக்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதுதான் சிக்கலென்றால், இடையே சிறிய அணு ஒன்றைச் செருகி விலக்கிவிட்டால் என்ன? அந்தச் சிறிய அணுவாகப் போரான் அமைந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் ஜான் குரோட்டும் தனித்தனியே ஒரே காந்தத்தை எட்டினார்கள். அணுக்களை எண்ணினால் 2 பங்கு நியோடிமியம், 14 பங்கு இரும்பு, 1 பங்கு போரான். இன்றும் இதைவிட வலிய நிலைக்காந்தம் சந்தையில் இல்லை.

மின்சார வாகனத்தின் மோட்டாரில் இந்தக் காந்தம் ஒன்றிரண்டு கிலோ இருக்கும். கியர் பெட்டியின்றி நேரடியாகச் சுழலும் பெரிய கடற்காற்றாலையில் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ. முப்பந்தலில், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் சுழலும் பழைய காற்றாலைகளில் பெரும்பாலானவை கியர் பெட்டி வைத்தவை. அவற்றுக்கு இந்தக் காந்தம் தேவையில்லை. நடுக்கடலில் நிற்கும் காற்றாலையில் கியர் பெட்டி பழுதானால் அதைச் சரிசெய்யக் கப்பலும் கிரேனும் போக வேண்டும். அங்கே காந்தம் வைத்த ஜெனரேட்டரைத்தான் பொறியாளர்கள் விரும்புகிறார்கள். தமிழ்நாட்டுக் கடலிலும் காற்றாலைகள் நடுவது பற்றிப் பேச்சு நடக்கிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. சூடேற ஏற நியோடிமியக் காந்தம் தன் பிடிவாதத்தை இழக்கும். சுமார் 310 டிகிரி செல்சியஸில் காந்தத்தன்மையே போய்விடும். அதற்கு வெகு முன்னரே தளரத் தொடங்கும். ஓடும் மோட்டாரின் உள்ளே 150 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் பிடி தளராதிருக்க டிஸ்புரோசியம் அல்லது டெர்பியம் சிறிதளவு சேர்க்கிறார்கள். சேர்ப்பது சில விழுக்காடுதான். கிடைப்பதற்கு அதைவிடக் கடினமான பொருள் இந்தச் சங்கிலியில் வேறில்லை.

மணலிலிருந்து காந்தம் வரை

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை ஒரு கைப்பிடி அள்ளினால் அதில் பல கனிமங்கள் இருக்கும். கருநிற இல்மனைட், சிவந்த கார்னெட், ரூட்டைல், சிர்கான், சில்லிமனைட், அவற்றோடு சிறு பங்காக மோனசைட். மலைப்பாறைகள் பன்னெடுங்காலமாகச் சிதைந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அலை கொண்டுவந்து போட்டவை. முறத்தில் அரிசி புடைக்கும்போது பதர் பறந்து மணி தங்குவதுபோல, அலையும் இலேசான மணலை இழுத்துக்கொண்டு கனத்ததைக் கரையில் விட்டுச் செல்கிறது. ஆலையில் நடப்பதும் அதுவே. சுருள் பாதையில் நீரோடு ஓடவிட்டு எடையால் பிரிக்கிறார்கள்; காந்தத்தால் இல்மனைட்டை எடுக்கிறார்கள்; உயர் மின்னழுத்தத்தால் ரூட்டைலைப் பிரிக்கிறார்கள். மிக வலிய காந்தப்புலத்துக்கு மட்டும் மசிந்து வருவது மோனசைட். அதன் மெல்லிய காந்த நாட்டத்துக்குக் காரணம் அதனுள் இருக்கும் அருமண் தனிமங்களே.

இதுவரை எளிய வேலை. இனித்தான் பாடு.

ஒரு டன் இந்திய மோனசைட்டில் அருமண் ஆக்சைடுகள் 550 முதல் 600 கிலோ இருக்கும். அதில் சீரியமும் லாந்தனமும் மூன்றில் இரண்டு பங்கு. காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் அதன் அண்டைவீட்டுப் பிரசியோடிமியமும் சேர்ந்து 130, 140 கிலோ. டிஸ்புரோசியம் ஒரு கிலோ தேறினால் பெரிது. கூடவே தோரியம் ஆக்சைடு 80 முதல் 100 கிலோ, கொஞ்சம் யுரேனியம். ஆக, காந்தத்துக்கு ஒரு கிலோ எடுத்தால் விற்கத் திணறும் சீரியமும் லாந்தனமும் ஏறத்தாழ 3 கிலோ கையில் நிற்கும்; காலங்காலமாகக் காவல் காக்க வேண்டிய தோரியம் அரைக்கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும்.

பிறகு பிரித்தெடுப்பு. கரைசலை ஒரு தொட்டியில் விட்டு, மண்ணெண்ணெய் போன்ற திரவத்தில் கலந்த கரிம வேதிப்பொருளோடு கலக்குகிறார்கள். அது சற்றே கனத்த தனிமத்தைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். நியோடிமியத்துக்கும் பிரசியோடிமியத்துக்கும் இடையே ஒருமுறை கலக்கினால் கிடைக்கும் ஆதாயம் சுமார் ஒன்றரை மடங்குதான். 4-க்கு 1 என்ற கலவையை 1,000-க்கு 1 என்று தூய்மையாக்க ஏட்டுக் கணக்கில் 14 முறை போதும். ஆனால் அந்தப் பக்கமும் தூய்மையாக வர வேண்டும், இடையில் எதுவும் வீணாகக் கூடாது, மற்றவர்களையும் இப்படியே பிரிக்க வேண்டும் என்னும்போது தொட்டிகள் நூற்றுக்கணக்கில் பெருகுகின்றன. நீர் ஒரு திசையிலும் எண்ணெய் எதிர்த்திசையிலும் நிற்காமல் ஓட வேண்டும். ஒரு தொட்டியில் அமிலம் சற்றுப் பிசகினாலும் வரிசை முழுவதும் கலங்கும். மறுபடி தெளிய நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். பிறகு ஆக்சைடை உலோகமாக்க வேண்டும், உலோகத்தைக் கலவையாக்க வேண்டும், நுண்பொடியாக்கி, காந்தப்புலத்தில் நிறுத்தி அழுத்தி, உலையில் சுட வேண்டும். பொடி காற்றுப் பட்டால் தீப்பற்றும். ஒவ்வொரு படியும் தனித் தொழில். ஒவ்வொன்றுக்கும் தனிக் கைப்பக்குவம்.

கனிமம் இருப்பதற்கும் கனிமம் கையில் கிடைப்பதற்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவு. இந்தத் தூரத்தை அளக்காமல் ‘எங்களிடம் இத்தனை லட்சம் டன் இருக்கிறது’ என்று சொல்வதில் பொருளில்லை.

ஒரு நாடு கற்றுக்கொண்டது

கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் மலையில் 1949-இல் யுரேனியம் தேடிப் போனவர்கள் அருமண் தாதுவைக் கண்டார்கள். வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது திரையின் சிவப்புக்கு யூரோப்பியம் வேண்டியிருந்தது. அந்தச் சுரங்கம் செழித்தது. 1980-கள் வரை உலகின் அருமண் களஞ்சியம் அமெரிக்காதான்.

சீனாவின் உள் மங்கோலியாவில் பயன் ஓபோ என்ற இரும்புச் சுரங்கம் உண்டு. இரும்போடு அருமண்ணும் அங்கே ஏராளமாக வெளிவரும். அதைப் பிரிக்கும் கலை சீனாவிடம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1970-களில் பீக்கிங் பல்கலைக்கழக வேதியியலாளர் சூ குவாங்சியன், அந்தத் தொட்டி வரிசைகளுக்கான கணிதத்தை வகுத்தார். எத்தனை தொட்டி, எந்த ஓட்டம், எந்த அளவு என்று முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. சோதித்துச் சோதித்துத் தட்டுத்தடுமாறும் வேலை குறைந்தது. அந்தக் கணக்கை அவர் ஆலைகளுக்குக் கற்பித்தார். விலை வீழ்ந்தது. மவுண்டன் பாஸில் கழிவுநீர்க் குழாய் உடைந்து பாலைநிலம் மாசுபட்டது. சீன விலையோடு போட்டியிடவும் முடியவில்லை. 2002-இல் சுரங்கம் மூடப்பட்டது. காந்தம் கண்டுபிடித்த ஜெனரல் மோட்டார்ஸ், தன் காந்தப் பிரிவான மேக்னிக்வென்ச்சை 1995-இல் விற்றது. வாங்கியவர் கூட்டில் சீன நிறுவனங்கள் இருந்தன. சில ஆண்டுகளில் எந்திரங்கள் சீனாவுக்குப் போயின. கைப்பக்குவமும் கூடவே போயிற்று.

இன்று உலகில் தோண்டப்படும் அருமண்ணில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. பிரித்துத் தூய்மையாக்குவதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேதான். காந்தத்தில் அதற்கும் மேல். மேலே ஏற ஏறப் பிடி இறுகுகிறது என்பதைக் கவனியுங்கள். மண்ணில் இருந்த முன்னிலையைவிட ஆலையிலும் வகுப்பறையிலும் சேர்த்த முன்னிலை பெரிது.

குழாய் மூடப்படும்போது

2010 செப்டம்பரில் கிழக்குச் சீனக் கடலில், சென்காக்கு தீவுகள் அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. படகுத் தலைவர் கைதானார். அடுத்த சில வாரங்களில் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வர வேண்டிய அருமண் சரக்கு நின்றுபோனது. ஓராண்டுக்குள் டிஸ்புரோசியத்தின் விலை பல மடங்கு எகிறியது. சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் விதிமீறல் என்று உலக வர்த்தக அமைப்பு 2014-இல் தீர்ப்பளித்தது.

2025 ஏப்ரலில் சீனா மீண்டும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சமாரியம், டெர்பியம், டிஸ்புரோசியம் உள்ளிட்ட 7 தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயமானது. சில வாரங்களில் ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் கார் உற்பத்தி நின்றது. சிகாகோவில் ஃபோர்டு ஆலை சிறிது காலம் மூடிக்கிடந்தது. இந்தியாவில் மின்சார ஸ்கூட்டர் நிறுவனங்கள் காந்தத்துக்காகக் காத்துக் கிடந்தன. ஒரு காரின் விலையில் அந்தக் காந்தத்தின் பங்கு மிகச் சிறிது. அச்சாணி இல்லாமல் தேர் நகராது என்பது பழமொழி அளவில் நிற்கவில்லை.

இதை எண்ணெய் நெருக்கடியோடு ஒப்பிடுகிறார்கள். ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. எண்ணெய் எரிந்து தீர்வது. வரத்து நின்றால் ஓடும் வண்டி நாளையே நிற்கும். காந்தம் எரிவதில்லை. வரத்து நின்றால் இனிச் செய்ய வேண்டிய வண்டிதான் நிற்கும்; ஓடிக்கொண்டிருப்பது இருபது ஆண்டுகூட ஓடும். நமக்கு இது கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. ஆனால் அந்த அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பயன்.

ஜப்பான் பயன்படுத்திக்கொண்டது. கையிருப்பு சேர்த்தது. டிஸ்புரோசியம் குறைவாகத் தேவைப்படும் காந்தங்களை ஆராய்ந்தது. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 2011-இல் 25 கோடி டாலர் கடனும் முதலீடுமாகக் கொடுத்து, விலை வீழ்ந்த காலத்திலும் கைவிடாமல் தாங்கியது. சீனாவை நம்பியிருந்த அளவு சுமார் 90 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. 15 ஆண்டு உழைப்பின் பலன் அவ்வளவே. ஆயினும் அது பெரிய பலன்.

சந்தையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2010-இன் விலையைப் பார்த்து மவுண்டன் பாஸை மோலிகார்ப் நிறுவனம் பெரும் செலவில் மீண்டும் திறந்தது. விலை சரிந்தது. 2015-இல் நிறுவனம் திவாலானது. ஒரு கனிமத்தைக் கண்டுபிடித்து உற்பத்திக்குக் கொண்டுவரச் சராசரியாக 16 ஆண்டுகள் ஆவதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. விலை ஏறுவது மாதக் கணக்கில். சுரங்கம் எழுவது ஆண்டுக் கணக்கில். இடையில் விலை விழுந்தால் தொடங்கியவர் மூழ்குவார். அதனால்தான் 2025-இல் அமெரிக்க அரசே மவுண்டன் பாஸ் சுரங்கத்தின் நியோடிமியக் கலவைக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று அடிவிலை உறுதி கொடுக்க வேண்டிவந்தது. நம் உழவர்கள் குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்பதன் நியாயமும் இதுதான்.

கழிவு யார் வாசலில்?

உலகம் மலிவாக அருமண் வாங்கிய காலத்தில், விலையில் ஏறாத ஒரு செலவை வேறு சிலர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பயன் ஓபோவின் தாது போய்ச் சேரும் பாவ்டோ நகரின் ஓரத்தில், ஆலைக்கழிவு தேங்கி ஓர் ஏரியாகவே நிற்கிறது. சுற்றியிருந்த கிராமங்களில் நிலத்தடி நீர் கெட்டு, பயிர் போய், மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். டிஸ்புரோசியமும் டெர்பியமும் கிடைப்பது தென்சீனக் களிமண் குன்றுகளில். அம்மோனியம் சல்ஃபேட் கரைசலைக் குன்றுக்குள் ஊற்றி, அடிவாரத்தில் வடித்தெடுக்கிறார்கள். குன்று நனைந்து சரிகிறது. ஓடைகளில் அம்மோனியா கலக்கிறது. சீனா தன் மண்ணில் கெடுபிடி காட்டியதும் இந்த வேலை எல்லை தாண்டி மியான்மரின் கச்சின் மாநிலத்துக்குப் போனது. அங்கே உள்நாட்டுப் போர். 2024 அக்டோபரில் கச்சின் விடுதலைப் படை சுரங்கப் பகுதியான பங்வாவைப் பிடித்தபோது உலகச் சந்தையில் டெர்பியத்தின் விலை அசைந்தது. ஊருக்குள் ஓசையின்றி வழுக்கிச் செல்லும் ஒரு காரின் மோட்டாருக்கும், ஒரு மலைப்படையின் துப்பாக்கிக்கும் இடையே இப்படி ஒரு நூல் ஓடுகிறது.

மலேசியாவின் ஈப்போ அருகே புக்கிட் மேரா என்ற ஊர். தகரச் சுரங்கக் கழிவிலிருந்து மோனசைட் எடுத்து அருமண் பிரிக்கும் ஆலை 1982-இல் அங்கே தொடங்கியது. ஜப்பானிய நிறுவனம் அதில் பங்காளி. தோரியக் கழிவு ஊருக்குப் பக்கத்தில் குவிந்தது. மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. மேல்முறையீட்டில் நிறுவனம் வென்றது. ஆனாலும் 1994-இல் ஆலையை மூடிவிட்டது. இடத்தைத் துப்புரவாக்கச் சுமார் 10 கோடி டாலர் ஆயிற்று. தொடக்கத்திலேயே கழிவுக்கு ஒழுங்கான இடம் கண்டிருந்தால் அதில் சிறுபங்கு போதுமாயிருந்திருக்கும். மக்களின் நம்பிக்கையும் போயிருக்காது. அதே மலேசியாவில் லைனாஸ் நிறுவனம் குவாந்தான் அருகே ஆலை கட்டியபோது எழுந்த எதிர்ப்பின் வேர் புக்கிட் மேராவில்தான் இருந்தது.

நம் கரையில்

இந்தியா இந்தத் தொழிலுக்குப் புதிது அன்று. ஐஆர்இஎல் என்று இன்று அழைக்கப்படும் அரசு நிறுவனம் 1950-இல் பிறந்தது. ஆலுவாவில் மோனசைட் ஆலை 1952-இல் தொடங்கியது. சீனா இந்தத் துறையில் கால்வைக்காத காலம் அது. மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா, ஒடிசாவின் சத்ரபூர் என்று மணல் ஆலைகள் இருக்கின்றன. நாட்டின் மோனசைட் இருப்பு 1.3 கோடி டன்னுக்கு மேல் என்று அணுக் கனிமத் துறை மதிப்பிடுகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் பட்டியலில் அருமண் இருப்பில் சீனா, பிரேசிலுக்கு அடுத்து இந்தியா. அதே பட்டியலில் 2024-இன் உலக உற்பத்தி ஏறத்தாழ 3.9 லட்சம் டன். இந்தியாவின் பங்கு 3,000 டன்னுக்கும் குறைவு.

ஏன் இப்படி? முதற்காரணம், நாம் மோனசைட்டைத் தோரியத்துக்காகவே பார்த்தோம். ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுமின் திட்டத்தின் கடைசிக் கட்டம் தோரியத்தை நம்பியது. எனவே மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் காவலுக்குள் இருந்தது. அந்தக் காவலில் நியாயமும் இருந்தது. ஆனால் அதே மணிகளுக்குள் இருந்த நியோடிமியத்துக்கு யாரும் தொழில் கட்டவில்லை. ஆக்சைடு வரை வந்தோம். உலோகம், கலவை, காந்தம் என்ற மேற்படிகளில் ஏறவில்லை. ஆக்சைடை ஜப்பானுக்கு விற்றோம். காந்தத்தைச் சீனாவிடம் வாங்கினோம்.

இப்போது அசைவு தெரிகிறது. 2023-இல் ஒன்றிய அரசு 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை வெளியிட்டது. 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கம் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் தொட்டி வரிசைக்கு முன் நின்று அதன் நாடியைப் பார்த்துச் சொல்லும் தொழில்நுட்பர்களைப் பணம் மட்டும் உருவாக்காது. 2023 டிசம்பரில் காந்தத் தொழில்நுட்பத்தின் ஏற்றுமதிக்கே சீனா தடை விதித்துவிட்டது. கைப்பக்குவத்தை நாமே வளர்த்தாக வேண்டும்.

அதைவிடக் கடினமான கேள்வி கரையில் காத்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கருத்துக் கேட்பு அறிவிக்கப்பட்டது. மீனவர்களும் ஊர்மக்களும் எதிர்த்தார்கள். கடலரிப்பில் தெருவையும் வீட்டையும் ஏற்கெனவே இழந்துகொண்டிருக்கும் ஊர்கள் அவை. மணல்மேடுதான் அவர்களுக்கும் கடலுக்கும் இடையே இருக்கும் ஒரே அரண். கதிர்வீச்சு பற்றிய அச்சமும் உண்டு. இதே மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்த முடிவை மதிக்க வேண்டும். அதே வேளையில், மணலில் பரவிக் கிடக்கும் தோரியம் வேறு, ஓரிடத்தில் குவித்த தோரியம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. தன் ஊரில் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பயந்த ஒரு தாய்க்கு மற்றோர் ஊரின் புள்ளிவிவரம் போதாது. அவள் ஊரிலேயே, அவள் கண்முன்னே அளந்து, அளந்ததை அவளுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களைப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கியது. அவசரம் புரிகிறது. ஆனால் புக்கிட் மேரா கற்பித்த பாடம் இதற்கு எதிரானது. கேட்காமல் தோண்டிய இடத்தில் சுரங்கம் நிலைப்பதில்லை. நிலைக்காத சுரங்கம் நாட்டுக்குப் பாதுகாப்பும் தராது.

இன்னும் மூன்று சுரங்கங்கள்

தோண்டாமலே கிடைக்கும் சுரங்கங்களும் உண்டு. முதலாவது, குப்பை. பழைய ஹார்டு டிஸ்க், ஏசி கம்ப்ரசர், ஒலிபெருக்கி, நாளை ஓய்வுபெறும் மின்சார வண்டிகள் ஆகியவற்றுக்குள் இருக்கும் காந்தத்தில் சுமார் 30 விழுக்காடு அருமண். இத்தனை செறிவான தாது எந்தக் குன்றிலும் கிடையாது. அதில் தோரியமும் இல்லை. ஆயினும் உலகில் மறுசுழற்சியாகும் அருமண் 1 விழுக்காடு அளவுக்குத்தான். பழைய இரும்புக் கடையில் எந்திரத்தோடு சேர்த்து உருக்கிவிடுகிறார்கள். எந்தப் பொருளில் எங்கே காந்தம் இருக்கிறது என்று செய்யும்போதே குறித்துவைத்தால், கழற்ற வசதியாக அமைத்தால், அந்த 1 விழுக்காடு வேகமாக ஏறும்.

இரண்டாவது, வடிவமைப்பு. காந்தமே இல்லாமல் செம்புச் சுருளால் இயங்கும் மோட்டார்களைச் சில ஐரோப்பியக் கார்கள் இன்றே பயன்படுத்துகின்றன. ஃபெரைட் காந்தம் வலிமை குறைந்தது. ஆனால் இரும்புத் துருவின் உறவான அது எங்கும் கிடைக்கும். டிஸ்புரோசியத்தைக் காந்தம் முழுவதும் கலக்காமல், நுண்மணிகளின் ஓரங்களில் மட்டும் ஊடுருவச் செய்யும் உத்தி அதன் தேவையைப் பெரிதும் குறைத்திருக்கிறது.

மூன்றாவது, சிக்கனம். ஆளுக்கொரு கனத்த கார் என்ற கனவுக்கு வேண்டிய நியோடிமியமும், நூறு பேர் ஏறும் ஒரு மின்சாரப் பேருந்துக்கு வேண்டிய நியோடிமியமும் ஒன்றல்ல. எவ்வளவு கனிமம் வேண்டும் என்ற கேள்வியின் விடை பாதி சுரங்கத்தில் இருந்தால், மறுபாதி நம் பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது.

இவை எல்லாம் சேர்ந்தாலும் வரும் இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் புதிய கனிமம் தோண்டாமல் முடியாது. நிலக்கரியை விட்டு வெளியேற வேண்டும் என்று மனமார விரும்புகிறவர்கள் இந்த உண்மையையும் ஏற்றாக வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்க வேண்டியது, எவ்வளவு, எங்கே, எப்படி, யாருடைய சம்மதத்தோடு என்பதே.

மணவாளக்குறிச்சிப் பக்கம் போனால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து கழற்றிய நியோடிமியக் காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றிக் கருமணலில் புரட்டுங்கள். இல்மனைட் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். மோனசைட் எளிதில் வராது, அதை இழுக்க அந்தக் காந்தமும் பெரும்பாலும் போதாது. உங்கள் கையில் இருக்கும் நியோடிமியம் எங்கோ ஓர் ஊரின் நிலத்தையும் நீரையும் விலையாகக் கொடுத்து வந்தது. காலடியில் இருப்பதோ இன்னும் மணலாகவே கிடக்கிறது. 1909-இல் இந்த மணல் யாரும் அறியாமல் கயிற்றோடு கடல் கடந்து போனது. இனி அது கரையை விட்டுப் போவதானால், அந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்குத் தெரிந்து, அவர்கள் கேட்டதற்கெல்லாம் விடை சொல்லி, அவர்கள் தலையசைத்த பிறகே போக வேண்டும்.